1979 சிகாகோ பனிப்புயலும் மேயர் தேர்தலும்

1979 சிகாகோ பனிப்புயல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள சிகாகோ நகரை 1979 ஜனவரி 13, 14 ஆகிய நாட்களில் தாக்கிய கடும் பனிப்புயல் ஆகும். புயல் ஓய்ந்து ஆறு வாரங்களுக்குப் பின், பெப்ரவரி 27 அன்று நடைபெற்ற மக்களாட்சிக் கட்சியின் முதனிலைத் தேர்தலில், பதவியில் இருந்த மேயர் மைக்கேல் பிலாண்டிக், ஜேன் பர்ன் என்பவரிடம் தோல்வியுற்றார். உள்ளூர்த் தேர்தல் ஒன்றின் முடிவை இயற்கைப் பேரிடர் மாற்றியதற்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு அடிக்கடி சுட்டப்படுகின்றது.

பனி ஒரு மேயரை வீழ்த்தியது என்று இதனைச் சுருக்கமாகக் கூறுவர். ஆயினும், இதே நகரில் 1967 ஆம் ஆண்டு இதைவிடக் கூடுதலான பனி பொழிந்த பின்னர் நடந்த தேர்தலில் அப்போதைய மேயர் பெரும் வெற்றி பெற்றார். எனவே இரு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைப் பனியின் அளவில் காண இயலாது. வேலைகளையும் நகராட்சிச் சேவைகளையும் வாக்குகளுக்கு ஈடாக வழங்கி வந்த கட்சி அமைப்பின் நிலையிலேயே அதனைத் தேட வேண்டியுள்ளது.

கட்சி எந்திரம்

சிகாகோவில் 1931 இற்குப் பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த எவரும் மேயராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆகவே மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்யும் முதனிலைத் தேர்தலே நடைமுறையில் உண்மையான தேர்தலாக இருந்து வந்தது. அக்கட்சியின் உள்ளூர் அமைப்பு "எந்திரம்" என்னும் பெயராலேயே அறியப்பட்டது. 1955 முதல் மேயராகவும் 1953 முதல் குக் மாவட்டக் கட்சித் தலைவராகவும் விளங்கிய ரிச்சர்ட் ஜே. டேலியின் காலத்தில் இவ்வமைப்பு தன் வலிமையின் உச்சத்தில் இருந்தது.

நகரம் 50 வட்டங்களாகவும், வட்டங்கள் 3,000 இற்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிப் பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வட்டத்திற்கும் கட்சியின் வட்டத் தலைவர் ஒருவரும், ஒவ்வொரு சாவடிப் பகுதிக்கும் ஒரு பொறுப்பாளரும் இருந்தனர். தமிழ்நாட்டுக் கட்சிகளின் வட்டச் செயலாளரையும் வாக்குச்சாவடி முகவரையும் அறிந்த வாசகர்களுக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. முதன்மையான வேறுபாடு யாதெனில், சிகாகோவின் சாவடிப் பொறுப்பாளர் பெரும்பாலும் நகராட்சியிலோ மாவட்ட நிர்வாகத்திலோ ஊதியம் பெறும் பணியாளராகவும் இருந்தார். அவருக்கு அவ்வேலை வட்டத் தலைவரின் பரிந்துரையால் கிடைத்தது. தம் பகுதியில் எதிர்பார்த்த வாக்குகளைத் திரட்டத் தவறினால் வேலையை இழக்க நேரிடும். டேலியின் காலத்தில் இவ்வாறு கட்சியின் வழியாக நிரப்பப்பட்ட பணியிடங்கள் 30,000 இற்கும் மேற்பட்டவை என மதிப்பிடப்பட்டது. இம்முறையே புரவலர் அரசியல் எனப்படுகின்றது.

வாக்காளர் பக்கத்திலும் இதே கொடுக்கல் வாங்கல் நிலவியது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளப்படவில்லை, நடைபாதை உடைந்துவிட்டது என்றால் குடியிருப்போர் நாடியது நகராட்சி அலுவலகத்தை அன்று, சாவடிப் பொறுப்பாளரையே. அவர் வட்டத் தலைவரிடம் சொல்வார், வேலை நடக்கும். குடிமக்களுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய சேவை, ஒருவர் செய்து கொடுத்த உதவியாக மாறி, தேர்தல் நாளில் வாக்காகத் திரும்பியது. தெருக்களையும் துப்புரவையும் கவனித்த நகராட்சித் துறையே இப்பணியிடங்கள் மிகுந்திருந்த துறைகளுள் ஒன்றாகும். பனியை அகற்றும் பொறுப்பும் அதே துறையைச் சார்ந்தது.

நகரின் தெற்கிலும் மேற்கிலும் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த வட்டங்கள் எந்திரத்தின் உறுதியான வாக்கு வங்கியாக இருந்தன. 1963 தேர்தலில் வெள்ளையின வாக்காளர்களிடையே பின்தங்கிய டேலியைக் காப்பாற்றியவை இவ்வட்டங்களே. எனினும் வேலைகளிலும் பதவிகளிலும் வீட்டுவசதியிலும் இவர்களுக்குக் கிடைத்த பங்கு, இவர்கள் அளித்த வாக்குகளோடு ஒப்பிடத்தக்கதாக இல்லை.

டேலிக்குப் பின்

1976 டிசம்பர் 20 அன்று டேலி பதவியில் இருக்கும்போதே காலமானார். மாநகர மன்றத்தின் தற்காலிகத் தலைவராக இருந்த கறுப்பின உறுப்பினர் வில்சன் ஃப்ராஸ்ட், இடைக்கால மேயர் பொறுப்பு தமக்கே உரியது என்றார். மன்றம் அதனை ஏற்கவில்லை. டேலியின் சொந்த வட்டமான 11 ஆம் வட்டத்தின் உறுப்பினர் பிலாண்டிக் இடைக்கால மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஃப்ராஸ்டுக்கு மன்றத்தின் நிதிக்குழுத் தலைமை அளிக்கப்பட்டது. கறுப்பின வாக்காளரிடையே இது ஆறாத மனக்குறையாக நின்றது. 1977 இல் நடந்த சிறப்புத் தேர்தலில் பிலாண்டிக் வெற்றி பெற்று, டேலியின் பதவிக்காலத்தில் எஞ்சியிருந்த பகுதிக்கு மேயரானார்.

பிலாண்டிக் தொழிலால் வழக்கறிஞர்; அமைதியானவர். டேலி மேயர் பதவியையும் கட்சித் தலைமையையும் ஒருசேர வகித்தார். பிலாண்டிக்கிடம் முதற்பதவி மட்டுமே இருந்தது.

ஜேன் பர்ன் எந்திரத்திற்கு வெளியிலிருந்து வந்தவர் அல்லர். 1968 இல் டேலியால் நுகர்வோர் விற்பனைத் துறையின் ஆணையராக அமர்த்தப்பட்டவர். வாடகைக்கார் கட்டண உயர்வில் மேயர் முறைகேடாக நடந்துகொண்டார் எனக் குற்றஞ்சாட்டியதைத் தொடர்ந்து 1977 நவம்பரில் பிலாண்டிக் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அடுத்த ஆண்டு பர்ன் மேயர் தேர்தலில் போட்டியிடுவதாக அறிவித்தார். பணமும் கட்சி அமைப்பும் இல்லாத அவரது முயற்சியை அப்போது பலரும் பொருட்படுத்தவில்லை.

பனிப்பொழிவு

1978 ஆம் ஆண்டின் இறுதி நாளில் பெய்த பனியே இன்னும் அகற்றப்படாத நிலையில், ஜனவரி 12 வெள்ளி இரவு மீண்டும் பனி பொழியத் தொடங்கியது. ஞாயிறு அதிகாலை வரை நீடித்த இப்பொழிவின் அளவு 20.3 அங்குலம் (ஏறத்தாழ 52 செ.மீ.) ஆகும். பழைய பனியும் சேர்ந்து தரையில் 29 அங்குலம் (74 செ.மீ.) வரை பனி கிடந்தது. ஓஹேர் விமான நிலையம் மூடப்பட்டது. புயலுக்குப் பின்னர் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே பல நாட்கள் நீடித்தமையால் பனி உருகவில்லை, இறுகியது. அவ்வாண்டுக் குளிர்காலம் முழுவதிலும் பெய்த பனி 89.7 அங்குலம் (228 செ.மீ.). இது அந்நகரின் பதிவுகளிலேயே மிகுந்த அளவாகும்.

பனியை அறியாத நாட்டினருக்கு இதன் விளைவைச் சிறிது விளக்க வேண்டியுள்ளது. பனி வெள்ளம்போல் தானாக வடிவதில்லை. உழுபொறி பூட்டிய வண்டிகள் அதனைத் தள்ளி ஒதுக்க வேண்டும். உப்பிட்டு இளக்க வேண்டும். தெருவோரங்களில் கார்கள் நிறுத்தப்பட்டிருந்தால் உழுபொறி செல்ல வழியில்லை. கார்களை எடுக்க வேண்டுமானால் அவற்றைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்ற வேண்டும். இச்சிக்கலில் சிகாகோவின் குடியிருப்புத் தெருக்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. வீடுகளின் பின்புறச் சந்துகளுக்குள் குப்பை வண்டிகள் நுழைய இயலாமல் குப்பை குவிந்தது.

மீட்புப் பணியின் குறைகள்

பிலாண்டிக்கின் நிர்வாகம் செய்த தவறுகளுள் மூன்று, பின்னாளில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகின்றன.

முதலாவது, நிலைமை சீராக உள்ளது என்று அறிவித்தமை. தெருக்களிலுள்ள கார்களைப் பள்ளிகள், பூங்காக்கள் ஆகியவற்றின் நிறுத்துமிடங்களுக்குக் கொண்டு செல்லுமாறும் அவ்விடங்கள் துப்புரவு செய்யப்பட்டுவிட்டதாகவும் மேயர் கூறினார். செய்தியாளர்கள் சென்று பார்த்தபோது அவற்றுட் பல பனி மூடியே கிடந்தன. தம் வீட்டு வாசலில் கிடக்கும் பனியைக் கண்ணால் காணும் வாக்காளரிடம் இவ்வாறான அறிவிப்பு எடுபடவில்லை.

இரண்டாவது, பனி அகற்றும் திட்டம் ஒன்றை வகுக்கும் ஒப்பந்தம் 90,000 டாலருக்கு முன்னாள் துணை மேயர் ஒருவருக்கு அளிக்கப்பட்டிருந்தது என்ற செய்தி வெளிவந்தமை. நெருங்கியவர்களுக்கு ஒப்பந்தம் அளித்தல் சிகாகோவில் புதிய செய்தி அன்று. சாதாரண காலத்தில் இது ஓரிரு நாட்களில் மறக்கப்பட்டிருக்கும். திட்டம் எதற்காக வகுக்கப்பட்டதோ அப்பனி தெருவில் கிடக்கும்போது அவ்வாறு மறக்கப்படவில்லை.

மூன்றாவதே தேர்தலில் மிகுந்த விளைவை உண்டாக்கியது. பனியாலும் உப்பாலும் உயர்மட்டத் தொடர்வண்டிகளின் மின்னோடிகள் பழுதடைந்து, ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. தொலைவிலிருந்து வரும் பயணிகளை நகர மையத்திற்கு விரைந்து கொண்டு சேர்க்கும் பொருட்டு, இடைப்பட்ட நிலையங்கள் சிலவற்றில் வண்டிகள் நிற்காமல் செல்லுமாறு போக்குவரத்து ஆணையம் முடிவு செய்தது. அந்நிலையங்கள் கறுப்பினத்தவர் வாழ்ந்த மேற்கு, தெற்குப் பகுதிகளில் இருந்தன. உறையும் குளிரில் நடைமேடையில் காத்து நின்றவர்களைக் கடந்து, புறநகர்ப் பகுதிகளின் வெள்ளையினப் பயணிகளை ஏற்றிய வண்டிகள் சென்றன. இம்முடிவைப் பொறியியல் நோக்கில் விளக்கலாம். ஆயினும், எந்திரத்திற்கு மிக உறுதியாக வாக்களித்து வந்த மக்கள், அவ்வாக்குகளின் மதிப்பு என்னவென்பதை அந்நடைமேடைகளில் அறிந்துகொண்டனர் எனலாம்.

இச்சூழலில் சாவடிப் பொறுப்பாளர்களின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு உதவி செய்வதே அவர்களது அரசியல். நகரம் முழுவதும் ஒரே வேளையில் அதே உதவியைக் கேட்டபோது கொடுப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. வாக்குக் கேட்டு வீடுகளுக்குச் சென்றவர்கள், அள்ளப்படாத குப்பைக்கும் அகற்றப்படாத பனிக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் ஆயினர்.

முதனிலைத் தேர்தல்

பர்னின் பரப்புரையை டான் ரோஸ் என்னும் அரசியல் ஆலோசகர் நடத்தினார். கொட்டும் பனியில் நின்றபடி பர்ன் பேசும் தொலைக்காட்சி விளம்பரம் பெரிதும் பேசப்பட்டது. எந்திரத்தின் தலைவர்கள் சிலரை நகரை ஆட்டிப்படைக்கும் தீய கும்பல் என அவர் சாடினார். பிலாண்டிக்கோ, கட்சிப் பொறுப்பாளர்களிடையே ஆற்றிய உரை ஒன்றில் தம் நிர்வாகத்தின் மீதான கண்டனங்களைத் தொடக்ககாலக் கிறித்தவர்களும் பிற மக்களும் அடைந்த துன்பங்களோடு ஒப்பிட்டார். இவ்வுரை அவருக்கு நன்மை பயக்கவில்லை.

பெப்ரவரி 27 அன்று பர்ன் ஏறத்தாழ 4,13,000 வாக்குகளும் பிலாண்டிக் ஏறத்தாழ 3,96,000 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 17,000 வாக்குகளுக்கும் குறைவு. விழுக்காட்டில் 51 இற்கு 49. எந்திரத்தின் கட்டளைக்கு நெடுங்காலம் கட்டுப்பட்டிருந்த கறுப்பின வட்டங்களுள் பெரும்பாலானவை பர்னுக்கு வாக்களித்தன. ஏரிக்கரைப் பகுதியில் வாழ்ந்த, கட்சிக் கட்டுப்பாட்டிற்கு உட்படாத நடுத்தர வகுப்பினரின் வட்டங்களும் அவருக்குத் துணை நின்றன. ஏப்ரல் 3 அன்று நடந்த பொதுத் தேர்தலில் 82 விழுக்காடு வாக்குகளைப் பெற்று, பர்ன் சிகாகோவின் முதல் பெண் மேயரானார்.

பனி மட்டுமே காரணமா?

1967 ஜனவரி 26, 27 ஆகிய நாட்களில் சிகாகோவில் 23 அங்குலம் (58 செ.மீ.) பனி பொழிந்தது. ஒரே புயலில் பெய்த பனியில் இன்றளவும் அதுவே அந்நகரின் உச்ச அளவு. பல்லாயிரம் வண்டிகள் சாலைகளில் கைவிடப்பட்டன. ஆயினும் அதே ஆண்டு ஏப்ரலில் டேலி ஏறத்தாழ 73 விழுக்காடு வாக்குகளுடன் நான்காம் முறையாக வென்றார். 1979 இல் டேலி இல்லை. கறுப்பின வாக்காளர்களின் மனக்குறை வளர்ந்திருந்தது. பணியாளர்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் நீதிமன்றத் தீர்ப்புகளால் தளர்ந்திருந்தது. இவையின்றிப் பனியால் மட்டும் பர்ன் வென்றிருக்க இயலாது. அதேவேளை, வேறுபாடு 17,000 வாக்குகளே என்பதால், பனியின்றியும் அவர் வென்றிருக்க இயலாது என்பதே பரவலான கருத்தாகும்.

தம் கட்டுப்பாட்டில் இல்லாத வானிலைக்காக ஆட்சியாளரைத் தண்டிப்பது வாக்காளரின் அறியாமையா என்பது அரசறிவியலாளரிடையே தொடர்ந்து விவாதிக்கப்படும் கேள்வி. இந்திய மாநிலங்களின் மழையளவையும் தேர்தல் முடிவுகளையும் ஒப்பிட்டு ஷான் கோல், ஆண்ட்ரூ ஹீலி, எரிக் வெர்க்கர் ஆகியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, மழை பொய்த்தாலோ மிகுந்தாலோ ஆளுங்கட்சி வாக்குகளை இழக்கின்றது என்றும், நிவாரணப் பணி முனைப்பாக நடந்தால் அவ்விழப்பு குறைகின்றது, ஆனால் முற்றிலும் ஈடாவதில்லை என்றும் கண்டது. ஐக்கிய அமெரிக்காவைப் பற்றி ஹீலியும் நீல் மல்ஹோத்ராவும் 2009 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேரிடருக்குப் பின் வழங்கப்படும் நிவாரணத்திற்கு வாக்காளர் நன்றி காட்டுகின்றனர்; முன்கூட்டிய தடுப்புச் செலவிற்குக் காட்டுவதில்லை. தடுப்பிற்குச் செலவிடும் ஒரு டாலர் பிற்காலத்தில் ஏறத்தாழ 15 டாலர் இழப்பைத் தவிர்க்கின்றது என்பதும் அவர்களது மதிப்பீடு. கைக்கு வரும் நிவாரணத்தைக் கொடுத்தவரின் பெயரோடு சேர்த்து நினைவில் வைக்கலாம். நேராத இழப்பை அவ்வாறு நினைவில் வைக்க இயலாது. புரவலர் அரசியல் முதலாவதையே விரும்புவதில் வியப்பில்லை.

புரவலர் அரசியலில் விளைவு

எந்திரத்தை எதிர்த்து வென்ற பர்ன், எந்திரத்தை ஒழிக்கவில்லை. பதவியேற்ற சில மாதங்களிலேயே, தாம் தீய கும்பல் எனச் சாடிய எட்வர்ட் வெர்டோலியாக், எட்வர்ட் பர்க் ஆகிய மன்ற உறுப்பினர்களுடன் அவர் இணக்கம் கொண்டார். 1982 இல் வெர்டோலியாக் அவரது ஆதரவுடன் மாவட்டக் கட்சித் தலைவரானார். தம்மை வெற்றிபெறச் செய்த கறுப்பின வாக்காளர்களின் நம்பிக்கையை பர்ன் விரைவில் இழந்தார். 1983 பெப்ரவரியில் நடந்த முதனிலைத் தேர்தலில் ஹரோல்ட் வாசிங்டன் 36 விழுக்காடும், பர்ன் 33 விழுக்காடும், டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி 30 விழுக்காடும் வாக்குகள் பெற்றனர். வாசிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். 1979 இல் கட்சிக் கட்டளையை மீறிய வட்டங்களே இவ்வெற்றிக்கும் அடித்தளமாயின.

கட்சியின் வழியாக வேலை வழங்கும் முறையைத் தளர்த்தியவை நீதிமன்றங்களே. மைக்கேல் ஷாக்மன் என்னும் வழக்கறிஞர் 1969 இல் தொடுத்த வழக்கின் விளைவாக, அரசியல் காரணங்களுக்காகப் பணியாளர்களை நீக்குவது 1972 இல் தடை செய்யப்பட்டது. குக் மாவட்ட ஷெரிப் அலுவலகத்திலிருந்து எழுந்த மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1976 இல் இதே கருத்தை உறுதி செய்தது. 1979 இல், பனிப்புயல் நிகழ்ந்த அதே ஆண்டில், அரசியல் அடிப்படையில் வேலைக்கு அமர்த்துவதும் அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூட்டரசு நீதிபதி நிக்கலஸ் புவா தீர்ப்பளித்தார். 1983 இல் நகராட்சி அதற்குரிய உடன்பாட்டை ஏற்றது. இதன்பின்னும் மீறல்கள் தொடர்ந்தன. நீதிமன்றக் கண்காணிப்பிலிருந்து சிகாகோ நகராட்சி விடுவிக்கப்பட்டது 2014 இல்தான்.

பிலாண்டிக் பிற்காலத்தில் இல்லினாய் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றி 2002 இல் காலமானார். பர்ன் 2014 இல் காலமானார்.

பிற நகரங்கள்

பனியால் பதவி ஆட்டங்கண்ட மேயர்கள் வேறு சிலரும் உளர். 1969 பெப்ரவரியில் நியூயார்க்கைத் தாக்கிய புயலுக்குப் பின் குவீன்ஸ் பகுதியின் தெருக்கள் பல நாட்கள் அகற்றப்படாமல் கிடந்தன. நகரில் 42 பேர் இறந்தனர். மேயர் ஜான் லிண்ட்சி அவ்வாண்டு குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் தோற்றார். எனினும் லிபரல் கட்சியின் வேட்பாளராக நவம்பரில் வென்று பதவியைத் தக்கவைத்துக் கொண்டார். போட்டியிட வேறொரு கட்சி இருந்தது அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. 1982 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் டென்வர் நகரில் பெய்த பனி, நெடுங்காலம் மேயராக இருந்த பில் மெக்நிக்கல்சை அடுத்த ஆண்டுத் தேர்தலில் மூன்றாம் இடத்திற்குத் தள்ளியது. சியாட்டில் மேயர் கிரெக் நிக்கல்ஸ், 2008 டிசம்பர் பனியின்போது தம் நகராட்சியின் செயற்பாட்டிற்குத் தாமே "பி" தரம் வழங்கினார். 2009 ஆகத்து முதனிலைத் தேர்தலில் வாக்காளர்கள் அவருக்கும் மூன்றாம் இடமே அளித்தனர்.

சிகாகோவில் பின்வந்த மேயர்கள் அனைவரும் பனி அகற்றலைத் தேர்தல் பணியாகவே கருதி வந்துள்ளனர். சிறு பொழிவிற்கும் நூற்றுக்கணக்கான வண்டிகள் தெருவில் இறக்கப்படுவது வழக்கமாயிற்று. 2011 பெப்ரவரி முதல் வாரத்தில் 21.2 அங்குலம் (54 செ.மீ.) பனி பொழிந்து, ஏரிக்கரைச் சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுவதும் சிக்கிக்கொண்டன. மூன்று வாரங்களில் மேயர் தேர்தல் வந்தது. ஆனால் அப்போதைய மேயர் ரிச்சர்ட் எம். டேலி அதில் போட்டியிடவில்லை. 2012 முதல், உழுபொறி வண்டிகள் எத்தெருவில் செல்கின்றன என்பதை நகராட்சி இணையத்தில் நிலப்படமாக வெளியிட்டு வருகின்றது. மன்ற உறுப்பினர்களின் தெருக்கள் மட்டும் முதலில் துப்புரவாகின்றனவா என்னும் பழைய ஐயத்தை, விரும்பிய எவரும் தம் வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்க இயல்கின்றது.